முன் பிரேக்கைப் பிடிக்காதே என்றார்கள்

நம்மூரில் பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும், கிளட்சு, கியர் பாடங்களோடு சேர்த்துக் காதில் போடப்பட்ட ஒரு எச்சரிக்கை இருக்கும்: "முன் பிரேக்கை மட்டும் தொட்டுடாதே, தூக்கி அடிச்சிடும்." எனக்குச் சொன்னவர் பெரியப்பா. கற்றுக்கொண்டது அவருடைய புல்லட்டில். எழுபதுகளின் கடைசியில் ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி. 346 சிசி, வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக், முன் சக்கரத்தில் 6 இன்ச் டிரம் பிரேக். இப்போது அது என்னிடம் இருக்கிறது. தினமும் ஓட்டுகிறேன். கண்காட்சிக்கு வைத்திருக்கும் வண்டி இல்லை.

பெரியப்பா சொன்னதைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. அவர் ஓட்டிய சாலைகளில் தாரைவிட மணல் அதிகம். திருப்பத்தில் சக்கரம் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி வழுக்கிப் படுத்துவிடும். மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதலில் பிடிக்கவே பிடிக்காது, அப்புறம் திடீரென்று கடிக்கும். இப்படிப்பட்ட பிரேக்கோடு வாழ்ந்தவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வண்டி நிற்கும் கணக்கு வேறு. பிரேக் பிடித்தவுடன் எடையில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. நேரான, காய்ந்த சாலையில் அழுத்திப் பிடிக்கும்போது நிறுத்தும் வேலையில் 70 சதவீதத்துக்கு மேல் முன் சக்கரத்தால்தான் முடியும். பின் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் லேசாகிப்போன சக்கரம் பூட்டிக்கொண்டு கோடு போட்டபடி வழுக்குமே தவிர, வண்டி சீக்கிரம் நிற்காது. அந்த எச்சரிக்கை நிறுத்தக்கூடிய சக்கரத்தை விட்டுவிட்டு, நிறுத்த முடியாத சக்கரத்தை நம்பச் சொல்கிறது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பல வருஷம் ஒன்றும் செய்யவில்லை, புல்லட் என்றால் இப்படித்தான் என்று எல்லோரையும் போல நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். மனசைக் குடைய ஆரம்பித்தது மதுரவாயல் பைபாஸில் ஒரு மாலை. முன்னால் போன கார் மாட்டுக்காக நின்றது. நான் அறுபதில் வந்துகொண்டிருந்தேன், இடைவெளியும் போதுமான அளவு விட்டிருந்தேன். நாலு விரலும் லீவரில், இடது கால் மிதியில், இருந்த பலம் முழுவதும் கொடுத்தேன். வண்டி நின்றது. காரின் பம்பருக்கும் என் சக்கரத்துக்கும் நடுவே கையை நுழைக்கலாம், அவ்வளவுதான் இடம். பக்கத்திலேயே ஒரு பையன், ஏதோ 150 சிசி வண்டி, என்னோடு ஒரே நேரத்தில் பிரேக் பிடித்தவன். அவன் லீவரில் வைத்திருந்தது இரண்டு விரல். எனக்கு ரொம்ப தூரம் பின்னாலேயே நின்று, என்ன ஆச்சு என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முன்கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 மடங்கு வேகக் குறைப்புக்கு மட்டுமே பிரேக் உதவினால் நிற்க 35 மீட்டர் வேண்டும். அதுவே 0.7 மடங்கு கிடைத்தால் 20 மீட்டர் போதும். நடுவில் உள்ள 15 மீட்டரில் ஒரு மாநகரப் பேருந்தையே நிறுத்தி வைக்கலாம். வேகம் கூடினால் இடைவெளி இன்னும் மோசமாகும். எண்பதில் நிற்கத் தேவைப்படும் தூரம் அறுபதில் ஆவதைப் போல 1.78 மடங்கு, ஏனென்றால் வேகத்தின் வர்க்கத்தில்தான் அது ஏறுகிறது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் 125 சிசிக்கு மேல் விற்கிற எல்லாப் புது வண்டியிலும் ஏபிஎஸ் (அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கட்டாயம். அதாவது எனக்கு முன்னால் போகிறவன் எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் நிற்கலாம். பின்னால் வரும் நான் 6 இன்ச் டிரம்மோடு வருகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு தரப்பு, இரண்டு பதில்

புல்லட் வைத்திருக்கிறவர்களிடம் இதைப் பேசினால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு, டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டுத் தள்ளு என்கிறது. இன்னொன்று, தொடாதே, ஒரிஜினல் கெட்டுவிடும் என்கிறது. இரண்டு பேரிடமும் நான் நிறையப் பேசியிருக்கிறேன், இரண்டு பேருமே வண்டி மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள்.

டிஸ்க் ஆசை எனக்கும் இருந்தது. பிற்கால புல்லட்டுகளில் கம்பெனியே 280 மி.மீ. டிஸ்க் போட்டுக் கொடுத்தது. நன்றாகப் பிடிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வண்டிகளின் ஃபோர்க் காலில் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாயில்) கேலிப்பரை, அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, பிடிப்பதற்கென்றே இடம் வார்த்து வைத்திருக்கிறார்கள். என் வண்டியின் ஃபோர்க்கில் அப்படி ஒன்றும் இல்லை. பட்டறையில் ஒரு தகட்டை வெட்டி, ஃபோர்க் காலில் வெல்டிங் வைத்து, அதில் கேலிப்பரைத் தொங்கவிட்டுத் தருகிறார்கள். அறுபதில் ஓடும்போது அந்த வெல்டிங் விட்டுப்போனால் கேலிப்பர் ஸ்போக்ஸுக்குள் போகும், முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக்கே இல்லாத வண்டியைவிட அது ஆபத்து. அதோடு, கைப்பிடியில் இருக்கிற, எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் கேலிப்பர் பிஸ்டனின் விட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரு வண்டியில் இருந்து இதையும் இன்னொன்றில் இருந்து அதையும் எடுத்து மாட்டினால் லீவர் கல்லாக இருக்கும், இல்லையென்றால் கைப்பிடி வரைக்கும் அமுங்கும். முழு முன் பக்கத்தையும், ஃபோர்க்கோடு, புது மாடலில் இருந்து கழற்றி மாட்டுகிறவர்கள் சரியாகச் செய்கிறார்கள். ஆனால் அப்புறம் அது வேறு வண்டி. எனக்கு வேண்டியது இதே வண்டி, நிற்கிற மாதிரி.

ஒரிஜினல் கட்சிக்காரர்களிடம் எனக்கு உடன்பாடு பாதிதான். டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு, பழைய ஸ்பீடோமீட்டர், விளக்குக் கூடு இவற்றையெல்லாம் மாற்றக்கூடாது என்றால் சரி, நானும் அந்தப் பக்கம். பிரேக்கை அந்தப் பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது வண்டிக்காரனுக்கு மட்டும் சொந்தமான விஷயமா? குறுக்கே வருகிற குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு. கழற்றிய பாகத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். ஃபிரேமையோ ஃபோர்க்கையோ வெட்டாமல், ஒட்டாமல் செய்கிற மாற்றம் என்றால் நாளை இந்த வண்டியை வாங்குகிறவருக்கும் நஷ்டம் இல்லை.

நடுவில் ஒரு வழி இருந்தது, அதுவும் திருவொற்றியூரில் இருந்தே வந்த வழி. பின்னாளில் வந்த புல்லட்டுகளில் முன் சக்கரத்துக்கு 7 இன்ச் ட்வின் லீடிங் டிரம் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) கொடுத்தார்கள். அதே 19 இன்ச் ரிம், அதே டயர். ஹப் (டிரம்மைக் கொண்ட சக்கரத்தின் நடுப்பாகம்) மாறும், பிரேக் பிளேட் (டிரம்மை மூடும் தட்டு) மாறும், ஹப் பெரிதாவதால் ஸ்போக்ஸ் நீளம் மாறும். அதைத் தேர்ந்தெடுத்தேன்.

உள்ளே என்ன நடக்கிறது

புல்லட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. இருந்தாலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போவதற்கு இது வேண்டும். சாதாரண டிரம்மில் இரண்டு ஷூ, அதாவது உராயும் பட்டை (லைனர்) ஒட்டிய வளைந்த துண்டுகள். ஒரு முனையில் இரண்டுக்கும் பொதுவான ஒரு பின், மறு முனையில் இரண்டுக்கும் நடுவே ஒரு கேம், கேபிள் இழுத்தால் திரும்புகிற கட்டை. கேம் திரும்பும்போது ஷூ இரண்டும் விரிந்து டிரம்மைத் தொடும். டிரம் சுழல்கிற திசையில் கேம் முனை முன்னால் வரும் ஷூதான் லீடிங் ஷூ. அது டிரம்மைத் தொட்டவுடன், சுழற்சியே அதை இன்னும் இறுக்கமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது, கதவுக்கு அடியில் செருகிய ஆப்புக்கட்டை கதவைத் தள்ளத் தள்ள இறுகுகிற மாதிரி. கை கொடுத்த பலத்துக்கு மேல் சக்கரமே கொஞ்சம் பலம் சேர்த்துக் கொடுக்கிறது. எதிர்ப்பக்கத்து ஷூவுக்கு, அதாவது டிரெய்லிங் ஷூவுக்கு, நேர் எதிராக நடக்கிறது. டிரம் அதை வெளியே தள்ளிவிடப் பார்க்கிறது. அதே பலத்துக்கு அது பிடிப்பது குறைவு.

ட்வின் லீடிங்கில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனியாக ஒரு கேம், எதிரெதிர் முனைகளில். வெளியே இரண்டு கேம் லீவரையும் ஒரு தண்டு இணைக்கிறது. கேபிள் ஒன்றை இழுத்தால் தண்டு இன்னொன்றையும் இழுக்கும். இரண்டு ஷூவுமே லீடிங் ஆகிவிடுகின்றன. இரண்டுக்கும் சக்கரத்தின் உதவி கிடைக்கிறது. எண்ணெய் இல்லை, குழாய் இல்லை, ஒரே ஒரு கேபிளும் ஒரு தண்டும். ஐம்பது, அறுபதுகளில் பந்தய வண்டிகளே இந்தப் பிரேக்கை நம்பித்தான் ஓடின.

புதுப்பேட்டையில் ஹப், பிளேட், ஷூ எல்லாம் வாங்கினேன். பாய் கடையில் பழைய கம்பெனி ஹப் ஒன்று தோதாகக் கிடைத்தது. பிளேட்டை வேறொரு கடையில் புதிதாக வாங்கினேன், பளபளவென்று பாலீஷ் போட்டது. சக்கரம் கட்டி, பெண்டு எடுத்து, மாட்டி, கேபிள் இணைத்து ஓட்டிப் பார்த்தால், பழைய 6 இன்ச்சுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. லீவர் பஞ்சாக அமுங்குகிறது, வண்டி யோசித்து யோசித்து நிற்கிறது. புது லைனர், ஓட ஓட செட் ஆகிவிடும் என்றார்கள். ஓட்டினேன். ஆகவில்லை. கேபிளை மாற்று, லைனர் பிராண்டை மாற்று, பேசாமல் டிஸ்க்குக்கே போ என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

சாக்பீஸ்

கடைசியில் சக்கரத்தைக் கழற்றி, பிளேட்டோடு சேர்த்து ஒரு லேத்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ், லாரி டிரம்களைக் கடைந்து கொடுக்கிற இடம். அங்கே இருந்த பெரியவர் எழுபது வயதுக்குக் குறையமாட்டார். நான் சொன்ன கதையை முழுதாகக் கேட்டார். குறுக்கே ஒன்றும் பேசவில்லை. பிளேட்டை வாங்கிக் கேமைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அது கடகடவென்று ஆடியது. "புதுசு" என்றேன். "புதுசுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து டிரம்மின் உள்சுவர் முழுக்கக் குறுக்குக் கோடாகத் தேய்த்தார். பிளேட்டை உள்ளே வைத்து, ஆக்சிலைக் கோர்த்து, நட்டைக் கையால் இறுக்கினார். ஒரு கையால் கேம் லீவரை இழுத்துப் பிடித்தபடி இன்னொரு கையால் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார். கழற்றி, ஷூ இரண்டையும் வெளிச்சத்தில் காட்டினார்.

ஒரு ஷூவில் கேம் பக்கத்து ஓரத்தில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. இன்னொன்றில் நடுவில் ஒரு திட்டு. அவ்வளவுதான். மீதி லைனர் கடையில் இருந்து வந்த அதே கறுப்பில், டிரம்மைத் தொட்ட அடையாளமே இல்லாமல் இருந்தது. "இதைத்தான் இவ்வளவு நாளா பிடிச்சிட்டு இருந்திருக்கே" என்றார். "ஏழு இன்ச்சு வாங்கினே, முக்கால் இன்ச்சுதான் வேலை செய்யுது."

எனக்கு உறைத்தது அங்கேதான். அதுவரை நான் டிரம்மின் அளவு, ஷூவின் எண்ணிக்கை, டிஸ்க்கா டிரம்மா என்று பாகங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பிரேக் என்பது இரண்டு பரப்பு ஒன்றையொன்று தொடுவது. எவ்வளவு பரப்பு தொடுகிறது என்பதை நானும் பார்க்கவில்லை, எனக்கு யோசனை சொன்ன யாரும் பார்க்கச் சொல்லவில்லை. ஐந்து ரூபாய் சாக்பீஸில் தெரிந்துபோகிற விஷயம்.

வேலையை அவர் அவசரப்படாமல் செய்தார். முதலில் டிரம். ஸ்போக்ஸ் கட்டி இறுக்கியபின் டிரம் வட்டமாக இருக்காது, ஸ்போக்ஸ் இழுக்கிற இழுப்பில் லேசாக முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அதனால் ஹப்பைத் தனியாகக் கடைந்து அப்புறம் சக்கரம் கட்டுவதில் பலனில்லை. கட்டி முடித்த சக்கரத்தையே, டயரைக் கழற்றிவிட்டு, பெரிய லேத்தில் ஏற்ற வேண்டும். பஸ் டிரம் சுழல்கிற லேத்தில் என் 19 இன்ச் ரிம் தாராளமாகச் சுழன்றது. கோணலை அளக்கும் டயல் கேஜின் முள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் துள்ளியது. மெல்லிசாக ஒரு சீவல் எடுத்ததும், உள்சுவரில் பாதி மின்னியது, பாதி பழைய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. கோணல் எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சுவர் முழுக்க ஒரே நிறமாக மின்னுகிற வரைக்கும் எடுத்தார், அதற்கு மேல் துளியும் எடுக்கவில்லை. டிரம் சுவர் மெலிந்தால் சூடு தாங்காது.

அடுத்து பிளேட். ஆடிக்கொண்டிருந்த கேம் துளைகளைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் அடித்தார். கேம் ஆடினால் நாம் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ஆட்டத்திலேயே போய்விடும், ஷூவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொடும். பிறகு ஷூக்களைப் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் விரித்து, பிளேட்டை அதன் ஆக்சில் துளையை மையமாக வைத்து லேத்தில் சுழலவிட்டு லைனரைக் கடைந்தார், புதிதாகக் கடைந்த டிரம்மின் விட்டத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக. கடையில் வாங்குகிற ஷூ ஏதோ ஒரு பொது அளவுக்குத் தயாரானது. இந்த டிரம்முக்கு, இந்தப் பிளேட்டுக்கு, இந்த மையத்துக்கு அது தானாகப் பொருந்த வாய்ப்பில்லை. கடையும்போது எழுந்த தூசியை அவர் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார், காற்றடித்து ஊதவில்லை. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. வீட்டில் பிரேக் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். வாயால் ஊதாதீர்கள், பம்பில் ஊதாதீர்கள்.

மறுபடி சாக்பீஸ். இந்த முறை இரண்டு ஷூவும் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளை. மிச்ச இடங்களை உப்புத்தாளால் அவரே தேய்த்துச் சரிசெய்தார். லைனரின் முன் ஓரத்தை லேசாகச் சாய்வாக ராவினார், கடிக்காமல் பிடிப்பதற்காக.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேறொரு யோசனை. துணியில் சுற்றி வைத்திருந்த பழைய 6 இன்ச் சக்கரத்தை எடுத்து, அதே மாதிரி சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தேன். லீடிங் ஷூவில் ஓரத்தில் ஒரு பட்டை மட்டும். டிரெய்லிங் ஷூ தொட்டதாகவே தெரியவில்லை, அதன் லைனரில் இருந்த மெருகு கண்ணாடி மாதிரி உறைந்து போயிருந்தது. பெரியப்பா காலம் முழுக்க அந்தப் பிரேக்கை அப்படியேதான் ஓட்டியிருக்க வேண்டும். ஷூ தேய்ந்தால் கடையில் புது ஷூ, மாட்டு, கேபிளை இறுக்கு, போ. யாரும் டிரம்மைக் கடையவில்லை, யாரும் ஷூவைப் பொருத்திப் பார்க்கவில்லை. புல்லட்டின் பிரேக் மோசம் என்று ஒரு தலைமுறையே சொல்லிக்கொண்டிருந்தது. அதில் எவ்வளவு அந்த வடிவமைப்பின் குறை, எவ்வளவு நாம் அதைப் பராமரித்த விதத்தின் குறை என்று இப்போது எனக்குச் சந்தேகம். ஒழுங்காகப் பொருத்திய 6 இன்ச் இன்றைய சாலைக்குப் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு இருந்த கெட்ட பெயர் அளவுக்கு அது மோசமானதாக இருந்திருக்காது.

மாட்டுவதிலும் இருக்கிறது

ட்வின் லீடிங் போட்டும் பலன் இல்லை என்கிறவர்களில் பாதிப் பேர் அந்த இணைப்புத் தண்டைச் சரியாக வைக்காதவர்கள் என்று நினைக்கிறேன். தண்டு கொஞ்சம் நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் ஒரு ஷூ முதலில் தொட்டு, அதுவே எல்லா பலத்தையும் வாங்கிக்கொண்டு, இன்னொன்று சும்மா நிற்கும். பெயருக்குத்தான் இரண்டு கேம். செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்டின் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும். முதல் கேமைத் திருப்பி ஷூ டிரம்மைத் தொடுகிற இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கேமையும் அதேபோல் தொடுகிற வரை திருப்ப வேண்டும். அந்த நிலையில் பின் தானாக நுழைகிற அளவுக்குத் தண்டின் நீளத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. நான் தம்பியைக் கூப்பிட்டு லீவரைப் பிடிக்கச் சொன்னேன்.

இன்னொன்று, ஆக்சில் நட்டை இறுக்கும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்போது ஷூக்கள் டிரம்மை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளி, பிளேட்டை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். அப்படியே இறுக்கிவிட வேண்டும். கேபிளும் முக்கியம். வெளி உறை மலிவானதாக இருந்தால் இழுக்கும்போது உறையே சுருங்கும், அதுதான் அந்தப் பஞ்சுத்தன்மை. தடித்த உள் கம்பியும் கெட்டியான உறையும் போட்டு, கூர்மையான வளைவு எங்கேயும் இல்லாமல் விட்டேன். பிரேக் முழுதாகப் பிடிக்கிற நிலையில் கேபிளும் கேம் லீவரும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு முழுவதும் கேமுக்குப் போகும். கேம் லீவரை அதன் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டியதிலேயே கைக்கு வித்தியாசம் தெரிந்தது.

பிரேக் பலமானால் அந்தப் பலம் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். சக்கரம் நிற்கப் பார்க்கும்போது பிளேட் சுழலப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடித்திருப்பது ஃபோர்க் காலில் உள்ள ஒரே ஒரு இடம். அந்தப் பிடிப்பு தேய்ந்திருக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஃபோர்க் புஷ்ஷில் இருந்த ஆட்டம் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. புதுப் பிரேக்கை அழுத்தியவுடன் கைப்பிடியில் டக் என்று தெரிந்தது. அதையும் மாற்றினேன். முன் டயர் பழசாகி ரப்பர் கெட்டிப்பட்டிருந்தது, அதுவும் போனது. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டமில்லாத சிப்காட் சாலை ஒன்றுக்குப் போனேன். முதலில் நாற்பதில் இருந்து மிதமாகப் பிடித்துப் பிடித்து லைனரைப் பழக்கினேன், நடுவில் ஆறவிட்டு. பிறகு அறுபது. லீவர் பாதி வந்ததும் கெட்டியாக ஒரு தடுப்பு, அதற்கு மேல் எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவு பிடிப்பு. ஃபோர்க் சீராக அமுங்கியது, டயர் தரையை இறுக்கிப் பிடிக்கிற முனகல் கேட்டது, சக்கரம் பூட்டவில்லை. லீவரில் இருந்தது இரண்டு விரல். அந்தப் பையனின் வண்டி அளவுக்கு நிற்கிறதா என்றால் இல்லை. ஏபிஎஸ் கிடையாது, 3.25 இன்ச் டயர் மெல்லியது. ஆனால் பிரேக் என்ன செய்யப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. பதற்றத்தில் வலது காலை மிதிக்கிற பழக்கமும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. புது வண்டி ஓட்டிவிட்டுப் பழைய புல்லட்டில் ஏறுகிறவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கும். அங்கே வலது கால் பிரேக், இங்கே வலது கால் கியர். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே என்பதால், பயத்தில் மிதித்தால் வண்டி நிற்பதற்குப் பதில் மேல் கியருக்குப் போய் இன்ஜினின் இழுப்பும் குறைந்துவிடும். கை ஒன்றே போதும் என்று உடம்புக்கு நம்பிக்கை வந்தால்தான் கால் சும்மா இருக்கிறது.

பிறகு கொல்லிமலைக்குப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவு. டிரம்முக்கு அதுதான் உண்மையான சோதனை. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லீவர் மேலும் மேலும் உள்ளே வரும். டிஸ்க்கில் இந்தச் சிக்கல் இல்லை, சூட்டில் டிஸ்க் பேடை நோக்கித்தான் விரியும். அதனால் இரண்டாவது கியரில் இன்ஜினைப் பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன் நேராக இருக்கும்போது மட்டும் முன் பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்கினேன். அடிவாரத்தில் காரவள்ளி வந்தபோது ஹப்பின் மேல் கையை வைக்க முடியாத அளவு சூடு, ஆனால் லீவர் கிளம்பியபோது இருந்த இடத்தில் இருந்து கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பழைய பிரேக்கோடு அந்த மலையில் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

ட்வின் லீடிங்குக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏற்றத்தில் வண்டி நின்று பின்னோக்கி உருளத் தொடங்கினால் இந்தப் பிரேக் கைவிட்டுவிடும். சக்கரம் எதிர்த்திசையில் சுழலும்போது இரண்டு லீடிங் ஷூவுமே டிரெய்லிங் ஆகிவிடுகின்றன. முன்னால் போகும்போது இரண்டு விரலில் நிற்கிற வண்டி, மேட்டில் பின்னால் போகும்போது நாலு விரலுக்கும் நிற்காது. கொல்லிமலை ஏறும்போது ஒரு வளைவில் முன்னால் லாரி நின்றுவிட, நானும் நிற்க வேண்டி வந்தது. வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. மேட்டில் நிற்க வேண்டுமென்றால் வலது காலைத் தரையில் ஊன்றுங்கள், இடது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும்.